வேலூர் வெயிலில் மறுபடியும் ஒரு கடல்மீன் தொட்டி: முழுமையான வழிகாட்டி

கடல்மீன் தொட்டி ஒன்றை ஆசையாக வைத்து, ஒரு மே மாதத்தில் மீன்களைப் பறிகொடுத்து, கண்ணாடித் தொட்டியை மொட்டை மாடியில் கவிழ்த்து வைத்துவிட்டவர்கள் நம் ஊரில் உண்டு. அவர்களில் யாருக்காவது மறுபடியும் ஆசை வந்தால் எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் இந்தக் கட்டுரை. புதிதாக வைப்பவர்களும் இதையே பின்பற்றலாம். பழைய சாமான் பற்றிய பகுதியை மட்டும் தாண்டிவிடுங்கள்.

வட ஆற்காட்டுப் பக்கம் கடல்மீன் வளர்ப்பவருக்கு இரண்டு பிரச்சினைகள்தான் பெரியவை: வெயில், நல்ல தண்ணீர். உப்பு, மீன், பாறை, லைட் எல்லாம் காசு கொடுத்தால் கிடைக்கும். வெயிலுக்கும் தண்ணீருக்கும் என்ன செய்யப்போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் மீன் கடைப் பக்கம் போகாதீர்கள்.

எப்போது தொடங்குவது

தீபாவளி முடிந்ததும் தொடங்குவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக்குள் வெப்பம் தணிந்திருக்கும். கார்த்திகையில் தண்ணீர் ஊற்றினால், நல்ல பாக்டீரியா பிடிக்க ஒன்றரை மாதம், மீனைத் தனியே வைத்துப் பார்க்க ஒரு மாதம் என்று போய், தை மாதக் கடைசியில் முதல் மீன் தொட்டிக்குள் இறங்கும். அக்னி நட்சத்திரம் வரும்போது தொட்டிக்கு ஐந்தாறு மாத வயது ஆகியிருக்கும். பிப்ரவரியில் தொடங்கினால், தொட்டி இன்னும் பச்சைக் குழந்தையாக இருக்கும்போதே 40 டிகிரி வெயில் வந்துவிடும். மார்ச்சில் இதைப் படிக்கிறீர்கள் என்றால் சாமான்களை மட்டும் சேர்த்துக்கொண்டு அக்டோபர் வரை பொறுங்கள்.

பழைய சாமான்களைப் பார்ப்பது

இந்தக் கட்டுரைக்கு 2 அடி நீளம், 15 அங்குல அகலம், 15 அங்குல உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்கிறேன். கணக்குப் போட்டால் 88 லிட்டர். மேலே விடும் இடைவெளி, பாறை, மணல் போக உண்மையில் பிடிக்கும் தண்ணீர் சுமார் 75 லிட்டர். இதைவிடச் சிறியதில் கடல்மீன் வைக்க வேண்டாம். தண்ணீர் குறைவாக இருந்தால் வெப்பமும் உப்பளவும் மளமளவென்று மாறும். கண்ணாடி 8 மி.மீ. இருந்தால் நிம்மதி.

மாடியில் வெயிலில் கிடந்த தொட்டி என்றால் முதலில் சிலிக்கான் ஒட்டைப் பாருங்கள். நகத்தால் அழுத்தினால் ரப்பர் போல இருக்க வேண்டும். ஓரம் உரிந்து வந்தாலோ, வெளுத்துப் பொடியாக உதிர்ந்தாலோ பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். பழைய சிலிக்கான் மேல் புதிய சிலிக்கான் பிடிக்காது. மேலே பூசி மெழுகித் தருகிறேன் என்று சொல்லும் கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள். பிறகு வெளியில் சமதளத்தில் வைத்து, குழாய்த் தண்ணீர் நிரப்பி, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தால் ஒரு சொட்டுக் கசிவும் தெரிந்துவிடும்.

பழைய தொட்டியில் செம்பு மருந்து போட்டிருந்தீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பாறையும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்லக் கக்கும். மீனுக்கு அது பெரிதாகத் தெரியாது. இறாலுக்கும் நத்தைக்கும் எமன். அந்தப் பாறையையும் மணலையும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பம்ப், வேவ்மேக்கர் (தொட்டிக்குள் தண்ணீரை அலை போலச் சுழற்றும் சின்ன மோட்டார்) எல்லாம் சுண்ணாம்பு பிடித்துக் கிடக்கும். வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஓர் இரவு ஊறவைத்தால் கழன்றுவிடும். பழைய ஹீட்டரை மட்டும் நம்ப வேண்டாம், புதிது வாங்குங்கள். டெஸ்ட் கிட் பாட்டிலில் காலாவதித் தேதி போட்டிருக்கும். திறந்து கிடந்த உப்புப் பை ஈரம் இழுத்துக் கல்லாகியிருந்தால் அதுவும் வேண்டாம். கரைத்தாலும் கலங்கலாகவே நிற்கும்.

எங்கே வைப்பது

நிரப்பிய தொட்டி சுமார் 120 கிலோ எடை வரும். டி.வி. ஸ்டாண்ட், புத்தக அலமாரி எதுவும் தாங்காது. சமமான ஸ்டாண்ட், அதன் மேல் தெர்மோகோல் ஷீட், அதன் மேல் தொட்டி. இரும்பு ஸ்டாண்ட் என்றால் நல்ல பெயின்ட் அடியுங்கள், உப்புநீர் பட்ட இடமெல்லாம் துரு பிடிக்கும்.

மேற்குச் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். மாடி வீட்டில் மேல்தளத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் அந்தச் சூட்டை இரவில்தான் வீட்டுக்குள் இறக்கும். மே மாதம் இரவு ஒன்பது, பத்து மணிக்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், புரியும். கீழ்த்தளம் இருந்தால் தொட்டி அங்கேதான். ஏ.சி. உள்ள படுக்கையறை நல்ல இடம் போலத் தோன்றும். ஆனால் இரவில் மட்டும் ஏ.சி. ஓடி, பகலில் நின்றுவிட்டால் தினமும் நான்கைந்து டிகிரி ஏறி இறங்கும். 28 டிகிரியிலேயே சீராக நிற்கும் தண்ணீர் அதைவிட எவ்வளவோ மேல்.

பூஜை அறையை ஒட்டியும் வைக்காதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

தண்ணீர்

போர் தண்ணீரை உப்பு கலந்து ஊற்றுவது என்ற எண்ணமே வேண்டாம். நம் பக்கத்து போர் தண்ணீரின் கடினத்தன்மை நம் வீட்டு வாளிகளிலேயே வெள்ளையாகப் படிந்திருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழில் நிலத்தடி நீரை என்ன செய்தது என்பதும் தெரிந்த கதைதான். காவிரி கூட்டுக் குடிநீர் வரும் தெருக்களில் அது போரைவிட நல்லது. ஆனாலும் குளோரின் கலந்தது, நேரடியாகப் பயன்படாது.

தேவைப்படுவது ஆர்.ஓ. தண்ணீர். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வீட்டு ஆர்.ஓ. மெஷின் குடிப்பதற்காகச் செய்யப்பட்டது. ருசிக்காக வடிகட்டிய நீரில் கொஞ்சம் வடிகட்டாத நீரைக் கலக்கும் ஒரு சிறு திருகு உள்ளே இருக்கும், டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்பார்கள். சில மெஷின்களில் மினரல் கார்ட்ரிட்ஜும் உண்டு. அதனால் வெளியே வரும் தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 50, 100 என்று காட்டும். தொட்டிக்கு 10-க்குக் கீழே வேண்டும், பூஜ்யமாக இருந்தால் இன்னும் நல்லது. சர்வீஸ் பையனிடம் சொல்லி, மெம்பரேனிலிருந்து (உப்பை வடிகட்டும் சவ்வு) நேராக ஒரு தனிக் குழாய் எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் குழாயின் முனையில் டி.ஐ. ரெசின் நிரப்பிய ஒரு ஹவுசிங் மாட்டினால் மிச்சம் இருக்கும் உப்பையும் அது பிடித்துக்கொள்ளும்.

உங்கள் வீட்டு போர் 1000 டி.டி.எஸ். காட்டினால் நல்ல மெம்பரேன்கூட 10-க்குக் கீழே கொண்டுவராது. ரெசின் சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் ஆர்.ஓ.வுக்குக் காவிரித் தண்ணீரையோ மழைக்காலத்தில் பிடித்துவைத்த நீரையோ கொடுத்தால் ரெசின் மிச்சம். 20 லிட்டர் கேன் தண்ணீர் வாங்கலாமா என்று கேட்பார்கள். கேனுக்குக் கேன் மாறும். ஒரு டி.டி.எஸ். மீட்டர் கையில் இருந்தால் கடைவாசலிலேயே பார்த்துவிடலாம். இந்தப் பொழுதுபோக்கில் கொடுத்த காசுக்கு அதிகம் உழைக்கும் கருவி அதுதான்.

சுத்தமில்லாத தண்ணீரை ஊற்றினால் மீன் உடனே சாகாது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சிலிகேட்டும் சேர்ந்து மூன்றாம் மாதம் கண்ணாடி, பாறை எங்கும் பாசி படரும். அதற்கு மருந்து தேடி அலைவீர்கள். காரணம் தொட்டியில் இருக்காது, குழாயில் இருக்கும்.

உப்பு

"கல் உப்பு கடலில் இருந்து வருவதுதானே, அதையே கரைத்தால் என்ன?" இதைக் கேட்காத உறவினர் இருக்க முடியாது. மரக்காணம் உப்பளத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கடல்நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிகின்றன. அடுத்துதான் சோடியம் குளோரைடு, அதாவது நம் சமையல் உப்பு, கல்லாகிறது. மெக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் மிஞ்சும் கசப்புநீரோடு போய்விடுகின்றன. ஆக, கல் உப்பு கடலின் ஒரு பங்கு மட்டும். மீனுக்கு முழுக்கடல் வேண்டும். மீன்தொட்டிக்கென்று விற்கும் செயற்கைக் கடலுப்பை வாங்குங்கள்.

சென்னைக்குப் போகும்போது கேனில் கடல்நீரே பிடித்து வரலாமே என்றால், கூவமும் அடையாறும் கலக்கும் கரையோரத்து நீரை நான் நம்பமாட்டேன். சுத்தமான இடம் தெரிந்தாலும் வாராவாரம் 130 கிலோமீட்டர் போய்வர முடியாது.

அளவு இப்படி: மீன் மட்டும் வைக்கும் தொட்டிக்கு ஒப்படர்த்தி (நன்னீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, உப்பளவு இதில்தான் தெரியும்) 1.023 போதும். அதற்கு ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 33 கிராம், 75 லிட்டருக்கு இரண்டரைக் கிலோ. பிராண்டுக்குப் பிராண்டு கொஞ்சம் மாறும். எனவே சற்றுக் குறைவாகவே போட்டு, அளந்து பார்த்துக் கூட்டுங்கள். எப்போதும் தண்ணீரில் உப்பைப் போட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் அந்தக் கெட்டிக் கரைசலில் கால்சியம் வெள்ளையாகப் படிந்துவிடும், பிறகு கரையாது. பம்ப் போட்டு ஓர் இரவு சுழலவிட்டு, காலையில் அளந்து பாருங்கள்.

அளப்பதற்கு ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து உப்பளவைக் காட்டும் கருவி) வாங்குங்கள், மிதக்கும் பிளாஸ்டிக் முள் வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யம் காட்டினால் சரி என்று விட்டுவிடுகிறார்கள். அது ஒரு முனையை மட்டும் சரிபார்க்கும். 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) என்று எழுதிய கேலிப்ரேஷன் திரவம் சின்ன பாட்டிலில் கிடைக்கும், அதில் பாருங்கள். இன்னொரு விஷயம், வெப்பத்துக்கு ஏற்பக் கணக்கைத் தானே திருத்திக்கொள்ளும் வசதி இந்தக் கருவிகளில் பெரும்பாலும் 10 முதல் 30 டிகிரி வரைதான். நம் ஊர் ஏப்ரல் மத்தியானத்தில் அறையே 35 டிகிரி இருக்கும்போது அளந்தால் தப்பாகக் காட்டலாம். விடியற்காலையில் அளப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பாறையும் மணலும், கொஞ்சம் சட்டமும்

முன்பு தொட்டி வைத்திருந்தவர்கள் "லைவ் ராக்" (கடலிலிருந்து உயிர்களோடு எடுத்த பவளப்பாறைத் துண்டு) என்று கடையில் கிடைத்ததைப் போட்டிருப்பார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் கல் பவளங்கள், கடல்விசிறிகள், கடல்குதிரைகள், கடல் அட்டைகள் எல்லாம் சேர்க்கப்பட்டன. செத்த பவளமும் பவளம்தான். நம் கடலில் எடுத்ததை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வண்டி வண்டியாக வெட்டினார்கள். அதன் காயம் இன்னும் ஆறவில்லை. நம் ஹாலுக்கு அழகு சேர்க்க அங்கிருந்து ஒரு கல்லும் வர வேண்டாம். "கோரல் சிப்ஸ்" என்று மூட்டையில் விற்பதையும் கேள்வி கேட்காமல் வாங்காதீர்கள்.

அதற்குப் பதிலாகத் தொழிற்சாலையில் செய்த செயற்கைப் பாறை, நுண்துளை உள்ள செராமிக் கட்டிகள் கிடைக்கின்றன. எட்டுப் பத்துக் கிலோ போதும். பாக்டீரியா குடியிருக்கத் துளைகள்தான் முக்கியம். நம் மலைக் கருங்கல்லில் துளை கிடையாது, எடை மட்டும்தான் ஏறும். மணலுக்கு அரகோனைட் என்ற சுண்ணாம்பு வகை மணல் பாக்கெட் வாங்கி ஓர் அங்குல உயரம் பரப்புங்கள். பாலாற்று மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதற்காக அதை அள்ளிப் போடாதீர்கள். சிலிக்கா ஒரு பக்கம், அந்த ஆறு எந்தெந்தக் கழிவைச் சுமந்தது என்பது இன்னொரு பக்கம்.

பாறையை நேராகக் கண்ணாடித் தரையில் நிறுத்தி, அசைத்துப் பார்த்து, அதன் பிறகு மணலைக் கொட்டுங்கள். மணல் மேல் நிற்கும் பாறை, அடியில் குழி தோண்டும் கோபி மீன் வந்ததும் சாயும்.

வெப்பம்

25 முதல் 28 டிகிரி வரை மீன் சௌகரியமாக இருக்கும். 30 தாண்டினால் இரண்டு வகையில் நெருக்கடி. சூடான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும்: கடல்நீரில் 25 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 6.7 மில்லிகிராம், 32 டிகிரியில் 6. அதே நேரம் சூட்டில் மீனின் உடல் கூடுதல் பிராணவாயு கேட்கும். இரவில் மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடினால் அதுதான் காரணம்.

ஏ.சி. நாள் முழுக்க ஓடாத வீட்டுக்கு வழிகள் இரண்டு. ஒன்று சில்லர், அதாவது தண்ணீரைக் குளிரவைக்கும் மெஷின். இந்த அளவுத் தொட்டிக்கு 1/10 எச்.பி. போதும், ஆனால் மற்ற சாமான்கள் எல்லாம் சேர்ந்தாலும் அதன் விலைக்கு வராது. அது வெளிவிடும் சூடு அதே அறைக்குள்தான் வரும் என்பதால் ஜன்னல் ஓரம் வையுங்கள். பெல்டியர் வகை என்று விற்கும் குட்டி சில்லர்கள் நம் வெயிலுக்கு விளையாட்டுச் சாமான்.

இன்னொன்று மின்விசிறி. தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாக ஒரு சின்ன ஃபேன் வைத்தால் நீர் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகும். ஒரு நாளில் 2 லிட்டர் ஆவியானால் 55 வாட் சூட்டை இடைவிடாமல் வெளியேற்றுவதற்குச் சமம். பம்பும் லைட்டும் தரும் சூடு ஏறத்தாழ அதற்குள் அடங்கிவிடும். இரண்டு முதல் நான்கு டிகிரி வரை குறையும். வேலூரின் ஏப்ரல், மே வெயில் காய்ந்த வெயில் என்பதால் சென்னையைவிட இங்கே இந்த வித்தை நன்றாகப் பலிக்கும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். நான்கு நாள் கவனிக்காமல் விட்டால் 8 லிட்டர் குறைந்து 1.023 இருந்தது 1.026 ஆகிவிடும். அதனால் குறைந்த அளவுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்ற வேண்டும். உப்புநீர் ஊற்றக் கூடாது. கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி அந்தக் கோடு வரை தினமும் காலையில் ஊற்றுங்கள். ஆட்டோ டாப்-அப் கருவி வாங்கினால் இன்னும் நல்லது. இல்லையென்றால் நம் ஊருக்கே உரிய ஒரு வழி இருக்கிறது: மருந்துக்கடையில் கிடைக்கும் டிரிப் செட். சி.எம்.சி. மருத்துவமனைச் சுற்றுவட்டாரத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. தொட்டியைவிட உயரத்தில் ஆர்.ஓ. கேனை வைத்து, குழாயை இறக்கி, அந்தச் சின்னச் சக்கரத்தை உருட்டி வேகத்தை அமையுங்கள். 20 சொட்டு ஒரு மில்லி என்று கணக்குள்ள செட்டில் நிமிடத்துக்கு 28 சொட்டு விழுந்தால் ஒரு நாளில் 2 லிட்டர் சேரும். கேன் காலியாகக் காலியாகச் சொட்டு மெதுவாகும் என்பதால் இடையில் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

தொட்டிக்குக் கண்ணாடி மூடி போட்டால் ஆவியாதல் நின்றுவிடும், ஃபேன் வீணாகும். நைலான் கொசுவலையைச் சட்டம் கட்டி மேலே வையுங்கள். காற்று போகும், மீன் குதிக்காது. இரும்புவலை வேண்டாம், துருவெல்லாம் உள்ளே விழும்.

ஹீட்டர் மார்கழி, தை இரவுகளுக்கு மட்டும். 100 வாட், 25 டிகிரியில் வையுங்கள். மாசி பிறந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஹீட்டர் கெட்டுப்போனால் சில சமயம் அணையாமல் நின்றுவிடும், கோடையில் அது நடந்தால் மீன் குழம்புதான்.

கரன்ட்

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போகும் கரன்ட் மத்தியானம் தாண்டித்தான் வரும். வீட்டு இன்வெர்ட்டரில் வேவ்மேக்கரையும் ஃபேனையும் மட்டும் இணையுங்கள். இரண்டும் சேர்ந்தாலும் மிகக் குறைந்த கரன்ட்டே இழுக்கும். லைட், ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி, வைத்திருந்தால்) காத்திருக்கலாம். சைன் வேவ் இன்வெர்ட்டர் இல்லையென்றால் பம்ப் உறுமும், சூடாகும். இன்வெர்ட்டரே இல்லாதவர்கள் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

உப்புநீரும் கரன்ட்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் பாதுகாப்பு சுவிட்ச்) இல்லாத லைனில் தொட்டியை இணைக்காதீர்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு வருமுன் கீழே தொங்கி மேலே ஏறட்டும், அப்போதுதான் வழியும் சொட்டு தரையில் விழும்.

பாக்டீரியா பிடிக்கும் காலம்

தண்ணீர், பாறை, மணல், பம்ப் எல்லாம் தயார். இப்போது மீனே இல்லாமல் ஆறு வாரம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையில் குடியேற வேண்டும். அதற்கு ஒரு டேம்செல் மீனைப் போட்டுப் பழக்குங்கள் என்று கடைகளில் இன்னும் சொல்கிறார்கள். மீனை அம்மோனியாவில் வேகவைக்கும் வேலை அது. பிழைத்தால் இன்னும் மோசம், அந்த டேம்செல் தொட்டியைத் தனதாக்கிக்கொண்டு பிறகு வரும் மீனையெல்லாம் துரத்தும்.

அம்மோனியம் குளோரைடு போதும். நம் பாட்டிமார் நவச்சாரம் என்று சொன்னது இதைத்தான், ஆனால் நாட்டுமருந்துக் கடைச் சரக்கில் கலப்படம் இருக்கும். லேப் கெமிக்கல் விற்பவரிடம் வாங்குங்கள். 75 லிட்டருக்கு அரை கிராம் போட்டால் அம்மோனியா 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும். பாட்டில் பாக்டீரியா சேர்த்தால் வேகம் கூடும். லைட் போட வேண்டாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை அம்மோனியாவும் நைட்ரைட்டும் அளந்து வாருங்கள். அரை கிராம் போட்ட 24 மணி நேரத்தில் இரண்டுமே பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். அப்புறம் பாதித் தண்ணீரை மாற்றி, சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைத்துவிடுங்கள். இதற்கிடையே பழுப்பு நிறத்தில் பாறையெல்லாம் ஒரு பூச்சு வரும். டயாட்டம் என்ற நுண்பாசி அது, தானாகப் போய்விடும்.

எந்த மீன்

இந்தத் தொட்டிக்கு மூன்று மீன், அவ்வளவுதான். நான் பரிந்துரைப்பது ஒரு ஜோடி ஆசெல்லாரிஸ் க்ளவுன், ஒரு வாட்ச்மேன் கோபி. க்ளவுனில் தொட்டியில் பிறந்ததைக் கேட்டு வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் க்ளவுன் மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறது. கடலில் பிடித்ததைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. தொட்டியில் பிறந்தது குருணைத் தீவனத்தை முதல் நாளே தின்னும். குட்டியாகவே, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இரண்டு எடுங்கள். எல்லா க்ளவுனும் முதலில் ஆண்தான், பெரியது பெண்ணாக மாறிவிடும். ஜோடி பார்த்து விலை கூட்டிச் சொல்பவரிடம் ஏமாறத் தேவையில்லை.

வாட்ச்மேன் கோபியோடு ஒரு பிஸ்டல் இறால் விட்டால் இறால் வளை தோண்டும், கோபி வாசலில் காவல் நிற்கும். இறாலின் மீசை எப்போதும் மீன் மேல் பட்டுக்கொண்டே இருக்கும். கோபி வாலை ஆட்டினால் இறால் உள்ளே ஓடிவிடும். மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். பாசி தின்ன நாலைந்து நத்தை போதும்.

வேண்டாதவை: நீல டேங் வளர்ந்தால் ஓர் அடி வரும், லயன் மீனின் முள்ளில் விஷம், மாண்டரின் உயிருள்ள மிகச் சின்னக் கடல் பூச்சிகளைத் தவிர எதையும் எளிதில் தொடாது. கடல்குதிரையைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். க்ளவுனுக்கு அனிமோனி (கடலில் அது ஒளிந்து வாழும் பூப்போன்ற உயிரி) வேண்டுமே என்று குழந்தைகள் கேட்கும். தொட்டியில் க்ளவுனுக்கு அது தேவையில்லை. பலமான லைட்டும் ஒரு வருடத் தொட்டியும் இல்லாமல் அனிமோனி நிற்காது, செத்தால் தண்ணீரையே கெடுத்துவிடும்.

வாங்கி வருவதும் தனியே வைப்பதும்

பெரும்பாலும் சென்னை கொளத்தூர்தான் போக வேண்டியிருக்கும். காட்பாடியில் காலை ரயில் ஏறி, மத்தியானத்துக்குள் வாங்கி, மாலையில் திரும்பிவிடலாம். தெர்மோகோல் பெட்டியைக் கையோடு கொண்டுபோங்கள். கடையில் மீன் தின்னுவதைக் கண்ணால் பார்க்காமல் வாங்காதீர்கள். இரண்டாவது, அந்தக் கடைத் தொட்டியின் உப்பளவைக் கேளுங்கள். நோயைக் குறைக்கவும் உப்பை மிச்சம் பிடிக்கவும் சில கடைகளில் 1.018 அளவிலேயே வைத்திருப்பார்கள். அங்கிருந்து நேராக 1.023-க்கு வந்தால் மீன் தாங்காது.

வீட்டில் 30, 40 லிட்டர் பிளாஸ்டிக் டப்பில் ஒரு ஸ்பாஞ்ச் பில்டர், ஒளிந்துகொள்ள ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு, கடையின் உப்பளவிலேயே கலந்த தண்ணீர். அந்த ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியில் முன்பே சில வாரம் போட்டு வைத்திருந்தால் பாக்டீரியா தயாராக இருக்கும். பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு, வெப்பம் சமமானதும் மீனை மட்டும் எடுத்து டப்பில் விடுங்கள். பைத் தண்ணீரை ஊற்றக் கூடாது. மூன்று மணி நேரப் பயணத்தில் பைக்குள் அம்மோனியா சேர்ந்திருக்கும். மீன் விடும் மூச்சால் பி.எச். தாழ்ந்திருக்கும்வரை அது அவ்வளவாக உறைக்காது; பையைத் திறந்து காற்று பட்டதும் பி.எச். ஏறி அம்மோனியா விஷமாகும். உப்பளவு ஒன்றாக இருந்தால் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் பழக்குவதால் நன்மையைவிடத் தீமைதான் அதிகம்.

பிறகு நாளுக்கு 0.001 வீதம் உப்பளவைக் கூட்டி, ஒரு மாதம் அங்கேயே வையுங்கள். உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி, உடல் முழுக்கத் தங்கப் பொடி பூசியது போன்ற மினுமினுப்பு, க்ளவுனில் தோல் மேல் சளி உரிவது, இந்த மூன்றையும் தேடுங்கள். செம்பு மருந்து, ஃபார்மலின் எதுவானாலும் இந்த டப்பில்தான், அதுவும் பாட்டில் சொல்லும் அளவில், செம்புக்கு டெஸ்ட் கிட் வைத்து. வெள்ளைப்புள்ளி ஒருமுறை பெரிய தொட்டிக்குள் புகுந்துவிட்டால் மீன்களையெல்லாம் வெளியே எடுத்து, இரண்டரை மாதம் தொட்டியை மீனில்லாமல் விட வேண்டியிருக்கும். இறாலும் நத்தையும் டப்பில் இருக்கும்போது அங்கே செம்பு போடவே கூடாது.

வாராவாரம்

ஞாயிற்றுக்கிழமை 10 லிட்டர் மாற்றுங்கள். முந்தின இரவே வாளியில் 330 கிராம் உப்பைக் கரைத்து வையுங்கள். அந்த வாளியில் "மீன்" என்று பெரிதாக எழுதிவிடுங்கள், இல்லையென்றால் வீட்டில் யாராவது அதில் சோப்புத்தூள் கரைத்துவிடுவார்கள். நைட்ரேட் 20 பி.பி.எம்.-க்குள், பி.எச். 8.0 முதல் 8.3 வரை இருந்தால் வேறு எதையும் துரத்த வேண்டாம். தீவனம் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. மார்க்கெட்டில் வாங்கும் இறாலை நன்றாக அலசிப் பொடியாக நறுக்கி உறையவைத்தால் நல்ல தீனி. லைட் ஆறு முதல் எட்டு மணி நேரம்.

இப்போது பூஜை அறை விஷயம். கொசுவர்த்தி, பிளக்கில் செருகும் கொசு லிக்விட், ரூம் ஸ்பிரே இவற்றில் உள்ள பைரெத்ராய்டு வகை மருந்து மீனுக்கும் இறாலுக்கும் கொடிய விஷம். ஏர் பம்ப் அறைக்காற்றை அப்படியே இழுத்துத் தண்ணீருக்குள் குமிழியாக விடும். தொட்டி இருக்கும் அறையில் அவை வேண்டவே வேண்டாம், கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். பூஜை அறைச் சாம்பிராணிப் புகையும் இதே வழியில்தான் உள்ளே போகும், அதுவும் வேறு அறையோடு நிற்கட்டும். மழைக்காலத்தில் டெங்கு தடுப்புக்கு மாநகராட்சி ஆட்கள் புகை அடித்துக்கொண்டு வந்தால் ஜன்னலைச் சாத்தி, ஏர் பம்பை அணைத்து, தொட்டி மேல் ஈரத்துணி போட்டு, புகை அடங்கும்வரை வேவ்மேக்கரை மட்டும் ஓடவிடுங்கள். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பவர்களுக்கும் இதே யோசனைதான்.

முதல் கோடை

பங்குனியிலேயே ஃபேனை மாட்டி ஓடவிட்டுப் பாருங்கள். சித்திரைக்குள் லைட்டைக் காலையிலும் இரவிலுமாகப் பிரித்து, மத்தியானம் அணைந்திருக்கும்படி டைமர் வையுங்கள். ஃப்ரீசரில் அரை லிட்டர் பாட்டில் நான்கில் தண்ணீர் உறையவைத்து எப்போதும் தயாராக இருக்கட்டும். வெப்பம் 30-ஐத் தாண்டினால் மூடிய பாட்டிலோடு மிதக்கவிடுங்கள், ஐஸை நேராகப் போடாதீர்கள். மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறக்கவும் வேண்டாம். தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள், வேவ்மேக்கரை மேல்பரப்பு கலங்கும்படி திருப்புங்கள். ஏப்ரல், மே இரண்டு மாதமும் புது மீன் வாங்குவதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஃபேன் ஓடியும் இரவில் 31 டிகிரிக்குக் கீழே வராத வீடு என்றால் அடுத்த வருடத்துக்குச் சில்லருக்குப் பணம் சேர்க்க வேண்டியதுதான்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போவதானால் பக்கத்து வீட்டாரிடம் தீவன டப்பாவைக் கொடுக்காதீர்கள், பாசத்தில் கொட்டிவிடுவார்கள். வளர்ந்த மீன் நான்கு நாள் தின்னாமல் இருக்கும். ஆர்.ஓ. கேனையும் கண்ணாடியில் ஒட்டிய டேப்பையும் காட்டி, "அக்கா, தினமும் இந்தக் கோடு வரைக்கும் இந்தத் தண்ணியை மட்டும் ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.